வேழமுடியின் மாறுதல் மனு

சுந்தரவல்லி மூன்று வருடமாக ஆடிவந்த விளையாட்டின் நாயகன் வேழமுடி, ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் காலை பத்தேகாலுக்கு, தன்னை வேறொரு ஆட்டக்காரரிடம் மாற்றித் தரும்படி மனு கொடுத்தான்.

மனு முறையாகவே இருந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, இடது ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு எழுதியிருந்தான். அவனை உருவாக்கிய அன்று பகடை போட்டதில் அவனுக்குப் பலம் பன்னிரண்டும் அறிவு ஆறும் விழுந்திருந்தன. ஆறுக்கு இது நல்ல மனு என்று சுந்தரவல்லி நினைத்தாள். இரண்டு இடத்தில் லகரத்தை ளகரமாகத் திருத்திவிட்டு, "நகல் வெச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"மூன்று வைத்திருக்கிறேன், அம்மணி," என்றான் வேழமுடி.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற சாலையில், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் லாரி எடைமேடையில் சுந்தரவல்லிக்கு வேலை. வெங்காயமோ ஜல்லியோ ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நிற்கும். அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். சீட்டு வரும். கிழித்துக் கொடுப்பாள். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே பத்து நிமிடமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் ஆடுவதற்காகத்தான் புத்தகத் திருவிழாவில் ஒரு மெல்லிய விதிப்புத்தகம் வாங்கினாள். 'ஒருவர் அல்லது இருவர் ஆடலாம்' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு பகடை இருந்தால் போதும். நோட்டில் ஒரு நாயகனை எழுதி, அவனை ஒரு கோட்டைக்குள் அனுப்ப வேண்டும். அங்கே என்ன இருக்கிறது, அவன் வாளை வீசினால் படுமா, குதித்தால் தாண்டுவானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பகடையை உருட்ட வேண்டும். பகடை சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். நாயகனின் உயிர்ப்புள்ளிகள் தீர்ந்துபோனால் அவன் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அவள் முதலில் எழுதிய நாயகி ஆடத் தொடங்கிய ஒன்பதாம் நிமிடம் ஒரு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாள். சுந்தரவல்லி 'உறவினர் மரணம்' என்று எழுதிக் கொடுத்து மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். எடைமேடை முதலாளி மாலை அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு எழுதப்பட்டவன்தான் வேழமுடி.

மனுவில் அவன் சொல்லியிருந்த குறை ஒன்றுதான். கருங்கோட்டையின் மூன்றாவது நிலவறையில், ஓர் இரும்புக் கதவுக்கு முன்னால், போன புரட்டாசியிலிருந்து தான் நின்றுகொண்டிருப்பதாக எழுதியிருந்தான். பதினோரு மாதம்.

அது உண்மை. கதவைத் திறக்கலாம் என்று அவள் பகடையை எடுத்த முதல் நாள் ஒரு வெங்காய லாரி வந்துவிட்டது. மறுநாள் லாரி வரவில்லை. ஆனாலும் அவள் திறக்கவில்லை. வேழமுடிக்கு மூன்றே மூன்று உயிர்ப்புள்ளிகள்தான் மிச்சம் இருந்தன. திறப்பதற்கு முன் கதவைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கதவு துருப்பிடித்ததா? ஆமாம் என்றது பகடை. உள்ளே சத்தம் கேட்கிறதா? இல்லை. இப்படிக் கேட்டுக் கேட்டு நோட்டில் முப்பத்தாறு பக்கம் கதவைப் பற்றியே நிரம்பிவிட்டது. கதவைச் செய்த ஆசாரி யார், அவருக்கு எத்தனை மகள்கள், மூத்த மாப்பிள்ளை குடிப்பாரா என்பதெல்லாம் இப்போது அவளுக்குத் தெரியும். குடிப்பார்.

"யார்கிட்ட மாத்திக் கேக்குற?" என்றாள்.

வேழமுடி கவசக் கையை நீட்டிச் சாலைக்கு எதிர்ப்புறம் காட்டினான். அங்கே ஆரோக்கியதாஸின் பஞ்சர் கடை இருந்தது.

புத்தகத் திருவிழாவில் அந்த விதிப்புத்தகத்தின் இரண்டு பிரதிகள்தான் விற்றன. இன்னொன்றை வாங்கியது ஆரோக்கியதாஸ். டியூபில் ஒட்டுப் போட்டு மெஷினில் இறுக்கி வைத்தால் வெந்து முடிய இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்குள் அவர் ஒரு கோட்டையை முடித்துவிடுவார். கோட்டை முடியாவிட்டால் நாயகன் முடிந்துவிடுவான். இதுவரை நாற்பத்தோரு பேர் அப்படிப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. ஒன்பது பேருக்குப் பெயரே வைக்கவில்லை.

"அந்த அண்ணன்கிட்ட போனா செத்துப்போவடா," என்றாள் சுந்தரவல்லி.

"ஆம், அம்மணி. ஆனால் அதற்குள் கதவு திறந்திருக்கும்."

எடைமேடை அறையின் சன்னல் பக்கம் வருகிற யாரையும் எடை போடாமல் அனுப்பக் கூடாது என்பது மேடையின் விதி. அவனை மேடையில் ஏறி நிற்கச் சொன்னாள். கவசம், வாள், கேடயம் எல்லாம் சேர்த்து இருபது கிலோ காட்டியது.

"இளைச்சுட்ட," என்றாள்.

"நிற்பதால்," என்றான் அவன்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாளாவது அவனைப் பட்டினி போட்டிருக்கிறாளா? மழை என்று பகடை சொன்னால் முதல் வேலையாக அவனை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். இத்தனைக்கும் பிறகு, எண்ணெய்ப் பிசுக்குக் கையால் பகடை உருட்டுகிற ஓர் ஆளிடம் போகிறேன் என்கிறான். மத்தியானம் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த லாரிக்குச் சீட்டில் சரக்கு என்ற இடத்தில் 'வேழமுடி' என்று அடித்துக் கொடுத்தாள். ஓட்டுநர் படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மனுவை விசாரிக்க வெள்ளிக்கிழமை வருவாய் ஆய்வாளர் மெஹருன்னிசா வந்தார். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு, அறைக்குள் வந்து உட்கார்ந்து, ஆரோக்கியதாஸையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இந்த நாயகனை வாங்கிக்க உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

ஆரோக்கியதாஸ் வேழமுடியை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கென்ன மேடம், வர்றவன் வரட்டும். ஆனா ரெண்டு டியூபுக்கு மேல தாங்க மாட்டான். முன்னாடியே சொல்லிர்றேன்."

"தாங்க வேண்டியதில்லை," என்றான் வேழமுடி.

"உங்களுக்கு?" என்று ஆய்வாளர் சுந்தரவல்லியைக் கேட்டார்.

"என்கிட்ட என்ன குறைன்னு கேளுங்க மேடம்."

"அது மனுவுலயே இருக்கும்மா. கதவு."

ஆய்வாளர் விதிப்புத்தகத்தை வாங்கி முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தார். ஒரு நாயகன் கைமாறும் முன்பு, கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்து ஒரே ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்று அதில் இருந்தது. கொடுப்பவர் ஆட்டக்காரர். பெறுபவர் நடத்துநர். கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நடத்துநர் சொல்வார், என்ன செய்வது என்று ஆட்டக்காரர் சொல்வார். ஆட்டம் முடிந்தபின் நாயகன் உயிரோடு இருந்தால் அவன் விருப்பம்.

"நடத்துநர்னு போட்டிருக்கு," என்றார் ஆய்வாளர். "அப்ப காக்கிச் சட்டை, விசில் ரெண்டும் கட்டாயம்."

"மச்சான் பழனி வண்டியிலதான் கண்டக்டரா இருக்காரு. வாங்கியாந்துர்றேன்," என்றார் ஆரோக்கியதாஸ்.

ஞாயிற்றுக்கிழமை எடைமேடைக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு அறையில் மேசையைத் துடைத்துப் போட்டார்கள். மச்சானின் சட்டை ஆரோக்கியதாஸுக்குப் பிடிப்பாக இருந்தது. நடு பொத்தான் இரண்டும் போடவில்லை. மெஹருன்னிசா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதத் தயாரானார். வேழமுடி மேசைக்குப் பக்கத்தில், கதவுக்கு முன்னால் நிற்கிற மாதிரியே நின்றான். வேறு மாதிரி நிற்க அவனுக்கு மறந்துவிட்டது.

ஆரோக்கியதாஸ் ஒரு விசில் அடித்தார். "கதவு. இரும்பு. என்ன செய்றீங்க தங்கச்சி?"

சுந்தரவல்லி தண்ணீர் குடித்தாள். மறுபடியும் குடித்தாள். நோட்டைப் பிரித்து அந்த முப்பத்தாறு பக்கத்தையும் புரட்டினாள். கேட்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று தேடினாள். வேழமுடி அவளைப் பார்க்கவில்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிடரியில், தலைக்கவசத்துக்குக் கீழே, வியர்வை வழிந்து காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அதை அவள் எழுதியதே இல்லை.

"தொறக்குறான்," என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு யாளி இருந்தது. அதுவும் போன புரட்டாசியிலிருந்து, கதவு திறந்ததும் பாய்வதற்காக, வலது முன்னங்காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது. கால் மரத்துப்போயிருந்தது. அது வெளியே வந்து எடைமேடையில் ஏறி நின்றது. மூவாயிரத்து நானூற்று எண்பது கிலோ. மெஹருன்னிசா எழுதிக்கொண்டார்.

"வாள் படணும்னா ஒம்பதோ அதுக்கு மேலயோ விழணும்," என்றார் ஆரோக்கியதாஸ். "விழலைன்னா..." நிறுத்தினார். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "விழலைன்னா யாளி அறையும். மூணு புள்ளி போகும்."

"எனக்கு இருக்குறதே மூணுதான்," என்றாள் சுந்தரவல்லி.

ஆரோக்கியதாஸ் வேழமுடியைப் பார்த்தார். நாற்பத்தோரு பேரைக் கொன்றபோது எல்லோரும் நோட்டுக்குள் இருந்தார்கள், அவரும் தனியாக இருந்தார், டியூபும் வெந்துகொண்டிருந்தது. இப்போது எதிரில் ஒரு பெண் இரண்டு பகடையையும் உள்ளங்கையில் பொத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கியதில் பகடைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"போடட்டுமாண்ணே?"

"இருங்க தங்கச்சி, என்ன அவசரம். அந்த ரூமு எப்படி இருக்குன்னு சொல்றேன். மேற்கால ஒரு சன்னல். சன்னலுக்குக் கம்பி நாலு. இல்ல, அஞ்சு. சுவத்துல சுண்ணாம்பு அடிச்சு ரொம்ப நாளாச்சு. யாளி... யாளிக்குப் பல்லு வெளக்குற பழக்கம் உண்டு. வேப்பங்குச்சி."

சுந்தரவல்லிக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரிந்தது. பதினோரு மாதம் அவள் பேசிய பேச்சுதான். வெளியிலிருந்து கேட்கும்போது அது எவ்வளவு நீளம் என்று புரிந்தது. பல் விளக்கும் குச்சி எத்தனை அங்குலம் என்று ஆரோக்கியதாஸ் சொல்ல வாயெடுத்தபோது, அவள் பகடையை உருட்டிவிட்டாள்.

ஒன்று உடனே நின்றது. ஐந்து. இன்னொன்று மேசை விளிம்புவரை ஓடி, தண்ணீர்ச் செம்பில் முட்டித் திரும்பி, மெதுவாகப் படுத்தது. நான்கு.

வேழமுடியின் வாள் யாளியின் கழுத்தில் இறங்கியது. யாளி விழுவதற்கு முன்னால் அந்த வலது காலைத் தரையில் ஊன்றி ஒரு முறை சுகமாக நெட்டி முறித்துக்கொண்டது. ஆரோக்கியதாஸ் விசிலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். "நாயகன் உயிரோட இருக்கார். வேழமுடி, உங்க விருப்பம் என்ன?"

சுந்தரவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் நிற்பது நடக்கப்போகிறவன் நிற்பதுபோல இருந்தது. இனி போக மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"மாறுதல் வேண்டும்," என்றான் வேழமுடி.

"இப்பத்தான தொறந்தேன்?" என்றாள் அவள்.

"தாங்கள்தான் திறந்தீர்கள், அம்மணி. அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் மனு கொடுத்தாயிற்று."

அவள் அழவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, முந்தானையால் துடைத்து, அவனுக்கு மாட்டிவிட்டாள். 'நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆரோக்கியதாஸிடம், "அவனுக்குப் பாம்புன்னா ஆகாது. பாம்பு வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிருங்கண்ணே," என்றாள். ஆரோக்கியதாஸ் தலையாட்டினார். இரண்டு பேரும் சாலையைக் கடந்து போவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை ஒரு புதிய நாயகனை எழுதினாள். பன்னிரண்டு நிமிடத்தில் அவனை ஒரு முதலை தின்றது. அடுத்தவளை எழுதினாள். அவள் அரசனின் விருந்தில் லட்டு தொண்டையில் சிக்கிப் போய்ச் சேர்ந்தாள். சுந்தரவல்லிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பொத்தவில்லை. கதவென்று ஒன்று கண்ணில் பட்டால் உதைத்துத்தான் திறந்தாள். அந்த வாரத்தில் மட்டும் பதினான்கு பேர் போனார்கள். ஒரே ஒருவன் கோட்டையைப் பிடித்து, இளவரசியைக் கட்டிக்கொண்டு, மாமனாரோடு சண்டை போட்டு வெளியேறினான். லாரி ஓட்டுநர்கள் சீட்டு வாங்க வந்தால், "இன்னைக்கு யாரும்மா போனது?" என்று விசாரித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

எதிர்க் கடையில் நிலைமை வேறாக இருந்தது. ஆரோக்கியதாஸ் முதல் நாளே வேழமுடியை ஓர் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார். ஆற்றைக் கடக்க ஏழு விழ வேண்டும். அவர் பகடையை எடுத்தார். அந்த ஆற்றில் என்னென்ன மீன் இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. கெண்டை இருக்குமா? இருக்கும். விரால்? இருக்கும். விராலுக்கு முள் எப்படி? டியூபுகள் மெஷினில் தீய்ந்து நாறின. ஒரு லாரிக்காரர் சத்தம் போட்டார். ஆரோக்கியதாஸ், "செத்த இருங்க, அயிரை வரைக்கும் வந்துட்டேன்," என்றார்.

இருபத்து மூன்றாம் நாள் வேழமுடி சாலையைக் கடந்து எடைமேடைச் சன்னலுக்கு வந்தான். கையில் இரண்டாவது நகல் இருந்தது. கதவு என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு ஆறு என்று மாற்றியிருந்தான்.

"இங்கயும் அதே கதைதானா?" என்றாள் சுந்தரவல்லி.

"அவர் என்மேல் மிகவும் பிரியமாக இருக்கிறார், அம்மணி," என்றான் வேழமுடி.

அவள் மனுவை வாங்கிக்கொண்டு நேராகப் பஞ்சர் கடைக்குப் போனாள். ஆரோக்கியதாஸ் நோட்டில் மீன் வரைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மூடினார்.

"முடியலை தங்கச்சி," என்றார். "பகடையைக் கையில எடுத்தா அவன் மூஞ்சிதான் தெரியுது. முன்னாடியெல்லாம் இப்படி இல்ல. நீங்க அன்னைக்கு எப்படி உருட்டுனீங்க?"

"நீங்க வளவளன்னு பேசுனீங்க. தாங்க முடியாம உருட்டிட்டேன்."

அவர் மூடிய நோட்டைத் திறந்து, வரைந்திருந்த மீன்களை எண்ணினாள்.

"அப்ப நான் பேசுனா நீங்க உருட்டுவீங்களா?" என்று சுந்தரவல்லி கேட்டாள்.

ஆரோக்கியதாஸ் யோசித்தார். "எனக்கும் தாங்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

மெஹருன்னிசா மறுநாளே வந்து, கடையையும் எடைமேடையையும் நாடா வைத்து அளந்து பார்த்து, வேழமுடிக்கு இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் அவள் நடத்துநர், ஒரு வாரம் அவர். யாருக்குக் கை நடுங்குகிறதோ அவர் உருட்டக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை. மச்சானின் சட்டையைப் பிரித்து இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி தைத்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் ஆற்றங்கரையிலேயே இருக்கிறேன் என்று வேழமுடி போய் நின்றுகொண்டான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் ஆற்றைக் கடந்தான். ஒரு விரால் அவன் இடது காதைக் கொண்டுபோய்விட்டது. ஒரு புள்ளி குறைந்தது. கரையேறியதும் ஈரத்தோடு ஓடினான், அவனாகவே, யாரும் சொல்லாமல். சுந்தரவல்லி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பாலம் இடிந்தது, ஒரு சூனியக்காரி மனசு மாறினாள், ஒரு பாம்பு வந்தது. முன்னாடியே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம், பதினொரு மணி வாக்கில், ஞாயிற்றுக்கிழமையே நேரில் வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அறைக்குள் எட்டிப் பார்த்து, தன்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டது. ஆரோக்கியதாஸ் எழுந்து இடம் கொடுத்தார். சுந்தரவல்லி விதிப்புத்தகத்தை எடுத்து அட்டையைக் காட்டினாள். ஒருவர் அல்லது இருவர். ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தது. உள்ளே ஏதாவது விதிவிலக்கு போட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கம் புரட்டியும் பார்த்தது. பிறகு, "பரவாயில்லைங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்கே நடந்து போனது.

அடுத்த சனிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரவில்லை, நேராகத் திங்கட்கிழமைதான் வந்தது. சுந்தரவல்லி எட்டு மணிக்கு எடைமேடையைத் திறந்தாள். ஆட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டார்கள்.